ஒரே கழனி, மூன்று மண் மாதிரிகள்: ஈரம் மாறினால் உலோகங்களின் அளவு ஏன் மாறுகிறது?

வாலாஜா மாணவி:

அனைவருக்கும் வணக்கம். வாலாஜாப்பேட்டையிலிருந்து பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் கழனி இருக்கிறது. ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஓடிய கால்வாய் ஒன்று மேற்கு வரப்பை ஒட்டிச் செல்கிறது. இப்போது அதில் மழைநாளில் மட்டுமே நீர் ஓடுகிறது. நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு இந்தக் கழனி மண்ணையே எடுத்துக்கொண்டேன்.

சித்திரையில் நிலம் தரிசாகக் கிடந்தபோது முதல் மாதிரியை எடுத்து, நிழலில் உலர்த்திச் சலித்துப் பரிசோதித்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு, கால்வாய் ஓரத்து வரப்பிலிருந்து ஈரமான, ஆனால் நீர் தேங்காத மண்ணை எடுத்து உலர்த்தாமலே சோதித்தேன். கார்த்திகையில், நடவு முடிந்து மூன்று வாரமாகி நீர் நின்ற சேற்றை முதல் மாதிரி எடுத்த அதே இடத்தில் எடுத்து, மறுநாளே அப்படியே சோதித்தேன்.

அமிலத்தில் செரிக்கவைத்துப் பார்த்த மொத்த உலோக அளவு சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடையே ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் உலோகங்களைப் பிணைத்து இழுக்கும் டிடிபிஏ என்ற கரைசலில் பிரியும் அளவு, அதாவது பயிருக்குக் கிடைக்கக்கூடியது என்று நாம் கணக்கிடும் பகுதி, தலைகீழாகிவிட்டது. சேற்றில் இரும்பும் மாங்கனீசும் பல மடங்கு ஏறின. சித்திரையில் போதுமானதாக இருந்த துத்தநாகம் பற்றாக்குறை என்று வந்தது. குரோமியத்தின் நச்சு வடிவமான அறுவிணைதிறன் குரோமியம் உலர்ந்த மண்ணிலும் இல்லை, சேற்றிலும் இல்லை. வரப்பின் ஈரமண்ணில் மட்டும் அது இருப்பதைக் காட்டும் வகையில் சோதனைக் குழாய் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறியது. இது என் அளவீட்டுப் பிழையா, அல்லது மண்ணிலேயே நடக்கும் மாற்றமா?

இன்னொன்று. நெல் இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் வருவதாக அப்பா கவலைப்படுகிறார். நீரைக் கட்டி வைக்க வேண்டும் என்று ஒருவரும், வடித்துக் காயவிட வேண்டும் என்று ஒருவரும் சொல்லிச் சென்றார்கள். எது சரி?

மண்ணாய்வாளர், காட்பாடி:

அம்மா, முப்பது ஆண்டுகள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியை மகிழ்ச்சியோடு படித்தேன். ஒரே மண்ணைக் காய்ந்தபோதும் சேறானபோதும் எடுத்து ஒப்பிடும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. மொத்த அளவு மாறவில்லை என்று நீங்கள் குறித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. உலோகம் எங்கும் போய்விடவில்லை. அது இருக்கும் வடிவம்தான் மாறியிருக்கிறது.

கழனியில் நீர் கட்டியதும் மண் துளைகளில் இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவுவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவானது. ஆகவே மேலிருந்து இறங்கும் ஆக்சிஜன் சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துபோகும். அதற்குக் கீழே எஞ்சியிருந்ததை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் செலவழித்துவிட்டு, மூச்சுக்கு வேறு பொருள்களைத் தேடுகின்றன. முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, அதன்பின் சல்பேட், கடைசியாக மீத்தேன் உருவாகும் நிலை. பிளாட்டினம் மின்முனையைச் சேற்றில் செருகி வைத்தால், காற்றோட்டமான மண்ணில் 400 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டும் மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்கி, சல்பேட் ஒடுங்கும் (அதாவது எலக்ட்ரானைப் பெறும்) கட்டத்தில் சுழிக்குக் கீழே 150 மில்லிவோல்ட் அளவுக்குப் போவதைப் பார்க்கலாம்.

இந்த வரிசையில் மாங்கனீசு, இரும்பு இரண்டின் முறை வரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் அறிக்கை. மண் துகள்களின் மேல் கரையாத படலமாக ஒட்டியிருந்த மாங்கனீசு ஆக்சைடும், செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடும் எலக்ட்ரானைப் பெற்று, கரையக்கூடிய அயனிகளாகிவிடுகின்றன. டிடிபிஏயில் அவை இரண்டும் பல மடங்கு ஏறியதற்கு இதுவே காரணம், பிழை இல்லை.

துத்தநாகத்தின் நிலை வேறு. அது இணைதிறனை மாற்றிக்கொள்ளும் உலோகம் அல்ல. ஆனாலும் சுற்றியிருப்பவை மாறும்போது அதுவும் பாதிக்கப்படுகிறது. நீர் கட்டிய முதல் சில நாட்களில், கரையும் ஆக்சைடுகளின் மேல் ஒட்டியிருந்த துத்தநாகமும் தாமிரமும் விடுபட்டு, சிறிது ஏறவும் கூடும். அதன்பிறகு இறங்கத் தொடங்கும். இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெருமா, பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நீர் தேங்கிய மண்ணின் வேதியியலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1972-இல் தொகுத்து வெளியிட்டார். நீர் நிற்க நிற்க அமில மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) ஏறுவதையும், கார மண்ணின் பிஎச் இறங்குவதையும், சில வாரங்களில் இரண்டும் 7-ஐ ஒட்டி வந்து நிற்பதையும் அவர் தெளிவாகக் காட்டினார். பிஎச் ஒரு எண் ஏறினால் மண்நீரில் கரைந்திருக்கும் துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறையும். உங்கள் மண் கார மண்ணாக இருந்தால் பிஎச் இறங்கத்தான் செய்யும். ஆனாலும் துத்தநாகம் கூடுவதில்லை, ஏனெனில் அங்கே பைகார்பனேட் பெருகி வேரின் வளர்ச்சியையும் துத்தநாக உறிஞ்சலையும் தடுக்கிறது, சல்பேட் ஒடுங்கினால் பிறக்கும் சல்பைடு துத்தநாகத்தோடு சேர்ந்து கரையாத படிவாகிறது, பெருகிவிட்ட இரும்பும் மாங்கனீசும் வேரின் வாசலில் அதனோடு போட்டியிடுகின்றன.

இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்ணால் பார்க்கலாம். சேற்றில் கையை விட்டு ஒரு நெல் குத்தை வேரோடு மெதுவாகப் பிடுங்கி, நீரில் அலசிப் பாருங்கள். புதிய வேர்கள் வெண்மையாகவும், சற்று முதிர்ந்தவை துருவேறிய கம்பி போலச் செம்பழுப்பாகவும் இருக்கும். நெல் வேர் தன் உட்குழல் வழியாக ஆக்சிஜனைக் கீழே கொண்டுவந்து வெளியே கசியவிடுவதால், அருகே வரும் இரும்பு அங்கேயே துருவாகப் படிந்து உறையாகிறது. அந்த உறை துத்தநாகத்தையும் பிடித்து வைக்கும். வேர் கறுத்து, முட்டை அழுகிய வாடை வீசினால் சல்பைடு கட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஒரு கைப்பிடி சேற்றைப் பிளந்து வரப்பில் வைத்தால், உள்ளே நீலச்சாம்பலாக இருந்தது வெயிலில் சிறிது நேரத்திலேயே மேலிருந்து பழுப்பாகத் திரும்பும். நீங்கள் எடுத்த மாதிரியும் புட்டியைத் திறந்த கணத்திலிருந்து அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கும்.

அங்கேதான் என் ஒரே ஐயம். சித்திரை மண்ணை உலர்த்திச் சோதித்தீர்கள், கார்த்திகைச் சேற்றை ஈரத்தோடு சோதித்தீர்கள். சேற்றின் நீர் எடையைக் கழித்தீர்களா? லிண்ட்சேயும் நார்வெல்லும் 1978-இல் வெளியிட்ட முறைப்படி பத்து கிராம் மண்ணுக்கு இருபது மில்லி டிடிபிஏ விட்டு இரண்டு மணி நேரம் குலுக்குகிறோம். நீங்கள் எடுத்த பத்து கிராம் சேற்றில் நான்கு கிராம் நீராக இருந்தால், மண் ஆறு கிராம்தான். கரைசலும் இருபது அல்ல, இருபத்துநான்கு மில்லி. அதைத் திருத்தாமல் விட்டால் உண்மை அளவில் பாதிதான் உங்கள் தாளில் வரும்.

கழனிக்காரர், அணைக்கட்டு:

தங்கச்சி, வேதியியலை ஐயா சொல்லிவிட்டார். அந்தப் பழுப்புப் புள்ளியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நட்டு மூன்று வாரத்தில், கீழ் இலைகளில் துருப்புள்ளி வந்து, இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளிறி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால் அது துத்தநாகக் குறை. 1966-இல் பந்த்நகரில் நெனே என்ற அறிஞர் இதை நோய்க்கிருமியால் வருவது அல்ல, துத்தநாகம் இல்லாமையால் வருவது என்று கண்டறிந்தார். வடக்கே இதைக் கைரா நோய் என்கிறார்கள். எங்கள் ஊரில் நிலத்தைச் சமன்படுத்த மேல்மண்ணை வெட்டிய இடத்திலும், மடையருகே எப்போதும் நீர் நிற்கும் தாழ்வான மூலையிலும்தான் இது முதலில் தெரியும்.

அடுத்த போகத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டோடோ டிஏபியோடோ கலக்கவே கூடாது. நான் ஒரு முறை வேலை மிச்சம் என்று இரண்டையும் ஒன்றாகக் கலந்து தூவி, துத்தநாகம் பாஸ்பேட்டோடு கட்டிக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போய், அந்தப் போகம் முழுவதும் பயிர் மஞ்சளாகவே நின்றது. இப்போதைக்குப் பத்து லிட்டர் நீரில் ஐம்பது கிராம் ஜிங்க் சல்பேட்டும் நூறு கிராம் யூரியாவும் கரைத்து, மாலை வேளையில் இலைமேல் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை தெளிக்கலாம். நீரை இரண்டு மூன்று நாள் வடித்து, மண்ணில் மயிர்வெடிப்பு தெரியும் முன் மறுபடி பாய்ச்சினால் பயிர் தேறிவிடும்.

குரோமியம் ஆய்வாளர், வேலூர்:

அந்த இளஞ்சிவப்பு நிறத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றே வந்தேன். அது அறுவிணைதிறன் குரோமியத்தைக் காட்டும் டைஃபீனைல் கார்பசைடு சோதனையின் நிறம்தானே? அப்படியானால் அது மிக முக்கியமான தகவல். உங்கள் ஆய்வேட்டின் மையமாகவே அதை வைக்கலாம்.

தோல் பதனிடப் பயன்படும் குரோம் உப்பு மூவிணைதிறன் நிலையில் இருப்பது. மண்ணில் பிஎச் ஐந்தரையைத் தாண்டினால் அது ஹைட்ராக்சைடாகப் படிந்து, களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டி, எளிதில் நகராமல் கிடக்கும். அறுவிணைதிறன் நிலையில் அதே உலோகம் குரோமேட் எதிரயனியாக மண்நீரோடு ஓடும், கிணற்றை எட்டும், நச்சுத்தன்மையும் பன்மடங்கு அதிகம். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் வரையறுப்பது இதனால்தான். கால்வாயில் ஓடியது முதல் வகை. உங்கள் சோதனைக் குழாயில் தெரிந்தது இரண்டாம் வகை. இடையில் அதை மாற்றியது மண்தான்.

சாதாரண மண்ணில் காற்றிலுள்ள ஆக்சிஜன் நேராக மூவிணைதிறன் குரோமியத்தை அறுவிணைதிறனாக்குவது மிக மிக மெதுவாகவே நடக்கும். அந்த வேலையைச் செய்வது மாங்கனீசு ஆக்சைடு. 1979-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட்டும் ஜேம்சும் இதை ஆராய்ந்தபோது, வயலிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்த மண் குரோமியத்தை ஆக்சிஜனேற்றியதையும், உலர்த்தி வைக்கப்பட்ட மண் அந்தத் திறனைப் பெருமளவு இழந்துவிட்டதையும் கண்டார்கள். அதுவரை பலர் கிடங்கில் காய்ந்து கிடந்த மண்ணை வைத்தே சோதித்துவிட்டு, இம்மாற்றம் மண்ணில் நடப்பதில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். உலரும்போது மாங்கனீசு ஆக்சைடின் மேற்பரப்பு மாறிவிடுகிறது, ஒரு பகுதி கரையும் மாங்கனீசாகவும் ஒடுங்கிவிடுகிறது. கரிமப் பொருளும் எளிதில் கரையும் வடிவுக்கு வந்து, இருந்த கொஞ்ச அறுவிணைதிறன் குரோமியத்தையும் ஒடுக்கிவிடுகிறது. உங்கள் சித்திரை மாதிரியில் ஒன்றும் தெரியாததற்கு இதுவும் காரணமாகலாம். அங்கே அது இல்லவே இல்லை என்று அந்தச் சோதனையை வைத்து எழுதிவிடாதீர்கள்.

சேற்றில் இல்லாததற்குக் காரணம் இன்னும் எளிது. நீர் தேங்கியதும் மாங்கனீசு ஆக்சைடே கரைந்துவிடுகிறது. ஐயா சொன்ன வரிசையில் அடுத்துப் பெருகும் இரும்பு அயனி, எஞ்சிய குரோமேட்டை விரைவாக ஒடுக்கி, இரும்பும் குரோமியமும் கலந்த ஹைட்ராக்சைடாகப் படியவைக்கிறது. வரப்பில் மட்டும் ஈரம், காற்று, மாங்கனீசு ஆக்சைடு, கால்வாய் விட்டுச்சென்ற குரோமியம் என நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. வறண்டால் வினை நின்றுவிடும். மூழ்கினால் திசை திரும்பிவிடும். நடுத்தர ஈரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

பாலாற்றுப் படுகைத் தோல் கழிவு குறித்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பலரும் அறிவோம். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் அது நிலைநிறுத்தியது. ஆனால் அதற்கு முன்பே மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கிறது. நாள்பட நாள்பட மூவிணைதிறன் குரோமியத்தின் பெரும்பகுதி இறுகி, மாங்கனீசுக்கு எட்டாத படிகமாகிவிடும் என்பது ஆறுதல். வண்டலைக் கிளறிக் கால்வாய் தூர்வாரி, அந்த மண்ணை வரப்பில் போட்டால், புதிதாகக் காற்றும் ஈரமும் படும் பகுதி மறுபடி வினைக்குத் தயாராகும். அந்த வரப்பு மண்ணைத் தயவுசெய்து கழனிக்குள் இழுத்துவிடாதீர்கள்.

வாலாஜா மாணவி:

ஐயா, நீங்கள் சொன்னது போலவே நான் நீர் எடையைக் கழிக்கவில்லை. 105 பாகையில் உலர்த்தி மீண்டும் கணக்கிட்டுவிட்டேன். துத்தநாகம் ஏறியது, ஆயினும் சித்திரை அளவுக்குக் கீழேதான் நிற்கிறது. இரும்பும் மாங்கனீசும் இன்னும் மேலே போய்விட்டன. அண்ணன் சொன்ன நடுநரம்பு வெளிறலை இன்று காலை அப்பாவோடு போய்ப் பார்த்தேன். தாழ்வான கிழக்கு மூலையில் அப்படியே இருக்கிறது. ஜிங்க் சல்பேட் வாங்கி வந்துவிட்டோம்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் குரோமியம் மறுபடி கிளம்புமா? மேட்டுப் பகுதியில் வேர்க்கடலை போட்டிருக்கிறோம். நல்ல மழைக்குப் பின் அதன் நுனி இலைகள் மஞ்சளாயின. ஈரத்தில் இரும்பு கூடும் என்றால், இது ஏன்?

மண்ணாய்வாளர், காட்பாடி:

வேர்க்கடலையைப் பற்றிய கேள்விக்கு விடை மண்ணிலுள்ள சுண்ணாம்பில் இருக்கிறது. மேட்டு நிலத்தில் நீர் தேங்கி ஆக்சிஜன் முற்றிலும் தீர்வதில்லை. அதனால் இரும்பு ஆக்சைடு கரையும் கட்டமே வருவதில்லை. துளைகள் நனைந்து அடைபடுவதால் வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு மட்டும் வெளியேற வழியின்றி, சுண்ணாம்போடு வினைபுரிந்து பைகார்பனேட்டைப் பெருக்குகிறது. பைகார்பனேட் நிறைந்த மண்ணில் பயிர் இரும்பை எடுப்பதும், எடுத்ததை இலைக்குள் பயன்படுத்துவதும் தடைபடும். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இதுதான். மண் ஆறினால் பெரும்பாலும் தானே பச்சை திரும்பும். அவசரமென்றால் அரை விழுக்காடு அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைத் தெளிக்கலாம். தெளிந்த கரைசலாக இருக்கும்போதே அடித்துவிடுங்கள், செந்நிறமாகிவிட்டால் பயனில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மண் மிகவும் வறண்டாலும் துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு கிடைப்பது குறையும். இவை வேரை அடைவது பெரும்பாலும் மண்நீரில் பரவித்தான். துகள்களைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலம் மெலிந்து அறுபட்டால், மிக அருகில் உள்ள துத்தநாகமும் வேருக்கு வந்து சேராது. நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழை விழும்போது, காய்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் உடல்கள் கரைந்து கரிமப் பொருள் திடீரென்று பெருகும்; 1958-இல் பிர்ச் என்பவர் விவரித்ததால் அவர் பெயராலேயே இவ்விளைவு அறியப்படுகிறது. அந்தக் கரிமப் பொருளோடு சேர்ந்து தாமிரம் சில நாள் நகரும். ஆய்வேட்டுக்கு நேரமிருந்தால், முதல் கோடை மழைக்கு மறுநாள் ஒரு மாதிரி எடுங்கள்.

குரோமியம் ஆய்வாளர், வேலூர்:

காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றி: இரும்போடு சேர்ந்து படிந்த குரோமியம் எளிதில் திரும்பாது. மேலும் காய்ச்சல் என்பது மண் வெடிக்கும்வரை விடுவதல்ல. துளையிட்ட குழாயை மண்ணில் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சினால், வேர்ப்பகுதி முழுவதும் ஆக்சிஜன் நிறைந்துவிடுவதில்லை. தொழு உரம் நன்றாகச் சேர்ந்த மண்ணில் ஒடுக்கும் பொருள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். துத்தநாகப் பற்றாக்குறைக்கும் இந்த முறை நல்லது.

காட்மியம் உள்ள நிலமாக இருந்தால் இதே அறிவுரையைத் தர மாட்டேன். காட்மியம் சேற்றில் சல்பைடாக அடங்கிக் கிடக்கும். வடித்ததும் விடுபட்டு மணிக்குள் ஏறும். ஜப்பானின் தொயாமா பகுதியில் காட்மியம் கலந்த ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த நெல்லால் வந்த இத்தாய்-இத்தாய் என்ற எலும்பு நோயை அந்நாட்டு அரசு 1968-இல் உறுதி செய்தது. அதன்பின் அங்கே கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் நீரைக் கட்டி வைக்கப் பழகிக்கொண்டார்கள். ஆர்சனிக்குக்கு இது நேர்மாறு; நீர் நின்றால்தான் அது கரைந்து மேலேறும். ஆகவே உங்கள் மொத்த அளவு அறிக்கையில் காட்மியம், ஆர்சனிக் இரண்டின் வரிகளையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லுங்கள். எப்படியும் பூக்கும் தருணத்தில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரப்பில் அடுத்த மாதிரி எடுக்கும்போது, புட்டியில் மண்ணை விளிம்புவரை அழுத்தி நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, உலர்த்தாமல், ஈரத்தோடே காரக் கரைசலில் பிரித்தெடுங்கள். அதே புட்டியில் இருந்து ஒரு கைப்பிடியை நிழலில் உலர்த்தி, ஒரு மாதம் கழித்து அதையும் சோதியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வாலாஜா மாணவி:

காட்மியமும் ஆர்சனிக்கும் என் கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருக்கின்றன. அப்பா கிழக்கு மூலை மடையை இன்று மாலை திறந்துவிட்டார். குழாய் பதிக்கப் பழைய பிவிசி துண்டு ஒன்றில் துளையிட்டுக்கொண்டிருக்கிறார். வரப்பு மாதிரிக்குப் புட்டிகளைக் கழுவி வைத்துவிட்டேன். நாளை விடியற்காலையில் எடுக்கிறேன்.